குடவாசலுக்கு ஒரு சிவப்புக் கார்

எங்கள் மோட்டார் பத்திரிகைக்கு வரும் கடிதங்களில் பாதி, எந்த வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் தரும் என்று கேட்பவை. மீதிப் பாதி, போன மாதம் நான் எழுதியது தப்பு என்று சொல்பவை. குடவாசல் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த கடிதம் இரண்டிலும் சேரவில்லை.

'நான் அரசு கால்நடை மருத்துவர். தினமும் ஏழெட்டு ஊர் சுற்றுகிறேன். புதிதாக வந்திருக்கும் இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காரை வாங்க ஆசை. அப்பா வேண்டாம் என்கிறார். நீங்கள் மெரினாவில் ஓட்டிப் பார்த்து எழுதியதைப் படித்தேன். அந்த ரோட்டில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் ஓட்டலாம். இங்கே வந்து ஓட்டிவிட்டுச் சொல்லுங்கள். திருச்சி டீலர் செவ்வாய்க்கிழமை வரைதான் எனக்காக ஒரு வண்டியை நிறுத்தி வைப்பார். நீங்கள் சொல்வதைக் கேட்பதாக அப்பா ஒத்துக்கொண்டிருக்கிறார்.' கீழே டாக்டர் ஜெயசீலி என்று கையெழுத்து.

காவிரியில் தண்ணீர் வராமல் குறுவை போய்விட்ட வருடம் அது. ஊரே தண்ணீருக்கு அடித்துக்கொள்ளும்போது கார் ஓட்டிப் பார்க்கப் போவது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. ஆசிரியருக்குக் கூச்சமெல்லாம் கிடையாது. கம்பெனியிடம் பேசி, பளபளக்கும் சிவப்பு வண்டி ஒன்றை வாங்கி என்னிடம் சாவியைக் கொடுத்துவிட்டார்.

வண்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபைபரில் செய்த உடம்பு, மடக்கிக்கொள்ளக்கூடிய துணிக் கூரை, தரைக்கும் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண் கூட இல்லை. எனக்கு ஐம்பத்திரண்டு வயது, வயிறு அதைவிடச் சற்று முன்னால் போய்க்கொண்டிருந்தது. உள்ளே உட்காருவது சுலபம், விழுந்தால் போதும். எழுந்து வருவதற்குத்தான் ஆள் வேண்டும். 'எல்லோருக்குமான ஸ்போர்ட்ஸ் கார்' என்று கம்பெனி விளம்பரம் செய்திருந்தது. "எல்லாருக்குமானதுன்னா ஏன் ரெண்டே சீட்டு வச்சிருக்கான்?" என்று என் மனைவி கேட்டாள். 

எந்த வண்டியானாலும் ஒரு நோட்டில் இடப்பக்கம் குறை, வலப்பக்கம் நிறை என்று எழுதிக்கொண்டு வருவது என் வழக்கம். இந்த முறை கிளம்புவதற்கு முன்பே இடப்பக்கத்தில் முதல் வரியை எழுதிவிட்டேன். பின் சீட் இல்லை. தீர்ப்பும் அநேகமாக முடிவாகிவிட்டது. அந்த டாக்டரம்மாவிடம் பதமாக எடுத்துச் சொல்லிவிட்டு, கும்பகோணத்தில் இரண்டு வேளை நன்றாகச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்பதுதான் என் திட்டம்.

சாப்பாடு ஏமாற்றவில்லை. சென்னையில் கடப்பா என்றால் சமையலறையில் பதிக்கும் கல். கும்பகோணத்தில் அது பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டு இட்லிக்கு ஊற்றுவது. சனிக்கிழமை காலையில் ஆறு இட்லிக்கு அதை மூன்று முறை கேட்டு வாங்கினேன். பரிமாறியவர் மூன்றாவது முறை வாளியை மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார்.

சுவாமிமலையில் வண்டி ஏமாற்றியது. அந்தப் பக்கத்தில் வீட்டு வாசலுக்கு வாசல் சொந்தச் செலவில் வேகத்தடை போட்டு வைத்திருக்கிறார்கள். ஒன்றில் ஏறி இறங்கும்போது கீழே 'டப்' என்று சத்தம். முன் பம்பரின் கீழ் உதடு ஒரு முழத்துக்கு விரிசல் விட்டிருந்தது. எதிரே சாமி விக்கிரகம் வார்க்கும் பட்டறை. உள்ளேயிருந்து வந்தவர் விரலை மடக்கி வண்டியைத் தட்டிப் பார்த்தார்.

"உள்ள ஒண்ணுமே இல்லீங்களே. மெழுகு உருக்கி எடுத்த பெறகு களிமண்ணு அச்சு நிக்குமே, அந்த மாதிரி நிக்குது" என்றார்.

தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துக் காய்ச்சி வைத்திருந்ததைக் கொண்டுவந்து விரிசலில் அப்பி, சூட்டுக்கோலால் இழுத்து மழமழவென்று ஆக்கிக் கொடுத்தார். காசு வேண்டாம் என்றார். "வெயில்ல மட்டும் நிறுத்தாதீங்க, எளகிடும்" என்று சொல்லி அனுப்பினார். அந்த மாவட்டத்தில் ஆகஸ்டு மாதத்தில் வெயில் படாமல் ஒரு காரை எங்கே நிறுத்துவது என்று அவர் சொல்லவில்லை.

ஜெயசீலியின் ஊருக்குப் போனபோது மத்தியானம். வாய்க்கால்களில் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. முப்பத்தைந்து வயது இருக்கும் அவருக்கு. வண்டியைப் பார்த்ததும் கதவில் இருந்த புழுதியைத் தாவணி மாதிரி போட்டிருந்த துண்டால் துடைத்தார். அதிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. நான் கொண்டுவந்திருந்த தீர்ப்பு சட்டைப் பைக்குள் கொஞ்சம் உறுத்தியது.

அப்பா ஞானமுத்து வயலிலிருந்து வந்தார். எழுபதை நெருங்கும் வயது, மெலிந்த உறுதியான உடம்பு. கை கழுவிவிட்டு வந்து வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார்.

"ஒரு ரவுண்டு போவோமா ஐயா?" என்றேன்.

சரி என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக வண்டியின் பின்னால் போனார். டிக்கி மூடியைத் தூக்கினார். உள்ளே ஸ்டெப்னியும் என் பெட்டியும் இருந்தன. குனிந்து கையை விட்டுத் துழாவினார்.

"உக்கார்ற பலகையக் காணுமே" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். ஜெயசீலி சிரிக்கவில்லை. "அப்பா, அதுல ஆள் உக்கார மாட்டாங்கப்பா" என்றார் மெதுவாக.

விஷயம் என்னவென்றால், ஞானமுத்து வாழ்க்கையில் இதற்கு முன் ஏறிய இரண்டு சீட் கார் ஒன்றே ஒன்றுதான். அந்த ஊர் மிராசுதாரான பெரிய பண்ணை, வெள்ளைக்காரர் ஒருவரிடம் வாங்கி வைத்திருந்த பழைய வண்டி. அதில் பின்னால் மூடியைத் தூக்கினால் உள்ளே ஒரு பலகை இருக்கும். முன்னால் பெரிய பண்ணையும் அவர் மகனும் உட்காருவார்கள். பண்ணையாளாக இருந்த ஞானமுத்து விதை மூட்டையோடு பின்னால் அந்தப் பலகையில் உட்காருவார்.

"மழ வந்தா முன்னாடி படுதா உண்டு, பின்னாடி கெடையாது" என்றார். "அவங்க பேசிக்கிறது ஒண்ணும் காதுல விழாது. புழுதி மட்டும் வரும். எடம் குறுக்கலா இருந்தா எறங்கி முன்னால போயி நான்தான் வழி காட்டணும்." இதை அவர் குறையாகச் சொல்லவில்லை. பழைய சைக்கிளில் பிரேக் எங்கே இருந்தது என்று சொல்வது மாதிரிதான் சொன்னார். எனக்குத்தான் சிரித்ததை நினைத்து வெட்கமாக இருந்தது.

அப்புறம் ஏறுகிறேன் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். சனிக்கிழமை முழுவதும் அவர் ஏறவில்லை.

சாயங்காலம் அவரே சமைத்தார். ஜெயசீலியின் அம்மா இறந்து சில வருடங்கள் ஆகின்றன. குளம் வற்றினால் விரால் மீன் மலிவாகக் கிடைக்கும், அந்த ஆண்டு எல்லாக் குளமும் வற்றியிருந்தது. புளியும் மாங்காயும் போட்டு ஒரு குழம்பு. ஜெபம் சொல்லிவிட்டுத்தான் அந்த வீட்டில் சோற்றில் கை வைப்பார்கள். அன்றைய ஜெபத்தில் மழைக்கும் தண்ணீருக்கும் அடுத்தபடியாக 'வழக்கு' என்று ஒரு வார்த்தை வந்தது. என்ன வழக்கு என்று கேட்டேன்.

கூலிக்காக அறுவடைக்கு இறங்காமல் நின்று, ஊரில் போலீஸ் வந்து தங்கியிருந்த காலத்துக்கெல்லாம் பிறகு, பெரிய பண்ணையின் நிலத்தில் மூன்று ஏக்கர் ஞானமுத்துவுக்குக் குத்தகைக்கு வந்தது. கழக ஆட்சியில் குத்தகைப் பதிவும் ஆயிற்று. பெரிய பண்ணை காலமானதும் மகன் சின்னப் பண்ணை நிலத்தைத் திரும்பக் கேட்டு மனுப் போட்டார். சட்டப்படி, தன் உடம்பால் பாடுபட்டுச் சாகுபடி செய்கிறவர்தான் குத்தகைதாரர். மகள் டாக்டர், வீட்டில் வசதி, இவர் இப்போது வயலில் இறங்குவதே இல்லை என்பது மனு.

"இப்ப வாசல்ல செவப்புக் காரு நின்னா, அவங்க வக்கீலுக்கு வேற சாட்சியே வேண்டாம் சார்" என்றார் ஞானமுத்து. "அதான் வேண்டாங்கறேன். வண்டி மேல எனக்கு என்ன கோவம்? திங்கக்கெழம மன்னார்குடி ரெவின்யூ கோர்ட்டுல வாய்தா. நான் பஸ்ஸுலதான் போவேன்."

ஜெயசீலி மீனில் முள் எடுத்துக்கொண்டே இருந்தார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு இப்போது ஒரு நல்ல காரணமே கிடைத்திருந்தது. ஏனோ அது எனக்குச் சந்தோஷம் தரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்ததும் ஜெயசீலி வண்டியை ஓட்டிப் பார்த்தார். மாட்டுக்குச் சினை ஊசி போடுகிறவர்கள், திரவ நைட்ரஜன் நிரப்பிய கேன் ஒன்றைக் கூடவே எடுத்துப் போக வேண்டும். அது நிமிர்ந்துதான் நிற்க வேண்டும், சாயக்கூடாது. டிக்கியில் வைத்தால் மூடி மூடவில்லை. ஆகவே முன் சீட்டில் வைத்து பெல்ட் போட்டோம். அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்துகொண்டது.

இதனால் எனக்கு இடம் இல்லாமல் போயிற்று. காரைச் சோதிக்க வந்தவன் அவருடைய மொபெட்டில் காரின் பின்னால் போனேன். மொபெட் என்னைத் தாங்கியது, அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. நான்கு ஊர்களில் அந்தப் புழுதியைச் சாப்பிட்டேன். ஓரிடத்தில் பசுவைப் பிடித்துக்கொண்டிருந்த அம்மா, "டாக்டரம்மா, பின்னாடி வர்றவரு புதுக் கம்பவுண்டரா?" என்று கேட்டார். ஆமாம் என்று ஜெயசீலி சொல்லிவிட்டார். அடுத்த அரை மணி நேரம் அந்தப் பசுவின் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் பின்னால் போனதில் ஒரு லாபம். ஒரு வண்டியை அதை விரும்புகிற ஒருவர் ஓட்டும்போது வெளியிலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்கு இதுவரை கிடைத்ததில்லை. திருப்பங்களில் அவர் தலை லேசாகச் சாயும். நேர் ரோட்டில் கூரையை மடக்கிவிட்டு ஓட்டினார். கேன் பக்கத்தில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது.

மத்தியானம் ஒரு புங்கமர நிழலில் நிறுத்தினோம். வேனோ ஜீப்போ வாங்கினால் தெருவுக்கே உதவுமே என்றேன்.

"அதான் சார் பிரச்சன" என்றார். "ஜீப்பு வாங்குனா அது தெரு ஜீப்பு. பிரசவத்துக்கு, கல்யாணத்துக்கு, மண்டல மாநாட்டுக்கு, எல்லாத்துக்கும் நான்தான் ஓட்டணும். மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வராது. எங்க தெருவுல மொதல்ல படிச்சவ நான். அன்னிலேந்து எல்லாருக்கும் பொதுவாவே இருக்கேன். ஒண்ணே ஒண்ணு எனக்குன்னு இருந்தா என்னன்னு தோணுது. தப்பா சார்?"

தப்பு இல்லை என்றேன். அதைச் சொல்லும்போது என் குரல் ஒரு கார் விமர்சகனின் குரலாக இல்லை.

அப்போதுதான் முன்பக்கத்திலிருந்து ஏதோ சொட்டுவதைக் கவனித்தோம். சுவாமிமலை மெழுகு இளகி வழிந்துகொண்டிருந்தது, உதடு தொங்கியது. ஜெயசீலி பதறவில்லை. அருகில் இருந்த ஒரு தச்சரிடம் துரப்பணம் வாங்கி விரிசலின் இருபுறமும் துளை போட்டார். பையிலிருந்து மாட்டுக்குத் தையல் போடும் ஊசியையும் நூலையும் எடுத்து, தரையில் உட்கார்ந்து ஏழு தையல் போட்டார். "தோலவிட இது ஈஸி சார், ஒதைக்காது" என்றார். பத்து நாள் கழித்துப் பிரிக்க வர வேண்டுமா என்று கேட்டேன். வண்டி நன்றாகத் தீனி எடுத்தால் வேண்டாம் என்றார்.

அன்று இரவு நோட்டில் நிறைப் பக்கத்தில் முதல் வரி எழுதினேன். தையல் போடலாம்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கே ஞானமுத்து வெள்ளை வேட்டி சட்டையில், கேஸ் கட்டை மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். ஜெயசீலிக்குக் கன்று போட முடியாமல் தவிக்கும் மாடு ஒன்று பற்றித் தகவல் வந்திருந்தது. கோர்ட்டு நாளில் தான் காரை ஓட்டிப் போவதை ஊர் பார்க்கக்கூடாது என்று மொபெட்டிலேயே போனார். நான் சென்னைக்குக் கிளம்பப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தேன். எட்டேகாலுக்கு ஞானமுத்து திரும்பி நடந்து வந்தார். முகம் வெளுத்திருந்தது.

தண்ணீர் கேட்டு மெயின் ரோட்டில் மறியல். ஆட்சியில் ஒரு கழகம், எதிரே ஒரு கழகம். எதிரே இருந்த கழகத்தாரும் செங்கொடிக்காரர்களும் காய்ந்த நாற்றுகளைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். ஆளும் கழகத்தார் சும்மா இருக்க முடியாமல் கொஞ்சம் தள்ளி நிழலில் தனியாகப் பந்தல் போட்டு அதே தண்ணீரைக் கேட்டார்கள். ஒரு பஸ்ஸும் ஓடவில்லை.

"அவங்க மேல தப்பு சொல்ல மாட்டேன் சார். நானும் அங்க உக்கார வேண்டியவன்தான்" என்றார். "ஆனா போன வாய்தாவுலயே அதிகாரி சொல்லிட்டாரு. இந்தத் தடவ வரலேன்னா ஒருதலையா முடிச்சிடுவேன்னு. பத்தரைக்குக் கூப்பிடுவாங்க."

தெருவில் இருந்த மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் மறியலில். மொபெட் மாட்டிடம். இருவரும் வாசலில் நின்ற சிவப்புக் காரைப் பார்த்தோம். அதில் போனால் எதிர்தரப்புக்குச் சாட்சி, போகாவிட்டால் நிலமே போய்விடும்.

"ஆத்தங்கரையோட போனா ரோட்டத் தொடாமலே போயிடலாம்" என்றார் கடைசியில். "கோர்ட்டுக்கு அரை பர்லாங்கு இருக்கையிலே நிறுத்திடுங்க. நான் நடந்து போயிடறேன்."

கதவைத் திறந்துவிட்டேன். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். பழக்கம் என்றார். பிறகு போட்டுக்கொண்டு, பையை மடியில் வைத்து, என் பக்கத்தில் உட்கார்ந்தார். பெல்ட்டை நான் மாட்டிவிட்டேன். முதல் ஐந்து கிலோமீட்டர் அவர் முதுகு சீட்டில் படவே இல்லை.

தண்ணீர் இருக்கும் வருடத்தில் ஆற்றங்கரை சேறாக இருக்கும். அன்று இறுகிக் கிடந்தது. மன்னார்குடிக்குப் பாதி வழியில், இரவில் மணல் ஏற்றிப் போகும் லாரிகளைத் தடுக்கக் கரையின் நடுவே இரண்டு கருங்கல் தூண்களை நட்டிருந்தார்கள். நடுவில் ஆட்டோ போகலாம். ஜீப்போ அம்பாசிடரோ போக வழியே இல்லை. ஞானமுத்து இறங்கினார். தூண்களுக்கு இடையே கையை விரித்து அளந்தார், வண்டியின் மூக்கை அளந்தார். முன்னால் போய் நின்றுகொண்டார்.

"கண்ணாடிய மடக்குங்க. வாங்க. இன்னும் வாங்க. எடது பக்கம் நாலு வெரல் இருக்கு. நேரா வாங்க. என்னைப் பாத்து வாங்க."

அவர் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டினேன். இரண்டு பக்கமும் நான்கு விரல் மிச்சத்தில் வண்டி கடந்தது. திரும்பி ஏறி உட்கார்ந்தவர் இந்த முறை சாய்ந்து உட்கார்ந்தார்.

அவர் சொன்னபடியே கோர்ட்டுக்கு அரை பர்லாங்குக்கு முன்னால், ஒரு டீக்கடையின் மறைவில் நிறுத்தினேன். அந்தக் கடை பெஞ்சில்தான் சின்னப் பண்ணை தன் வக்கீலோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயதிலும் ஊருக்கு அவர் சின்னப் பண்ணைதான். மறியலுக்கு முன்னால் போன விடிகாலை பஸ்ஸில் வந்துவிட்டாராம்.

"என்ன ஞானமுத்து, காரு வாங்கிட்டியா?" என்றார்.

வக்கீல் கிளாஸை வைத்துவிட்டு வண்டி நம்பரைக் குறித்துக்கொண்டார். இது கம்பெனி வண்டி, நான் பத்திரிகைக்காரன் என்று விளக்கினேன். "அத கோர்ட்டுல சொல்லிக்கலாங்க" என்றார் வக்கீல், மிகவும் மரியாதையாக. ஞானமுத்து பையை எடுத்துக்கொண்டு நடந்தார். எனக்கு அந்த இடத்திலேயே காரை ஆற்றில் தள்ளிவிடலாம் போலிருந்தது, ஆற்றில் தண்ணீர் இல்லையே தவிர.

பதினொன்றரை மணிக்குக் குமாஸ்தா வெளியே வந்தார். அதிகாரியின் ஜீப் மறியலில் மாட்டிக்கொண்டதாம். இரண்டு தரப்பும் ஆஜர் என்று எழுதிக்கொண்டு, அடுத்த மாதத்துக்கு வாய்தா போட்டார். அவ்வளவுதான்.

திரும்பக் கிளம்பும்போது சின்னப் பண்ணை வெயிலில் தனியாக நின்றார். வக்கீல் உள்ளூர்க்காரர், வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டார். பஸ் இல்லை. அவருக்குச் சர்க்கரை வியாதி, முகம் வேர்த்திருந்தது. நேராக வண்டியிடம் வந்தார்.

"நம்ம ஊருக்குத்தான போறீங்க, நானும் வந்துடறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு முன் கதவின் கைப்பிடியில் கை வைத்தார். ஞானமுத்துவைப் பார்த்து, "நீ பின்னாடி..." என்று ஆரம்பித்தவர், வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

ஞானமுத்து அவசரப்படவில்லை. "பின்னாடி எடம் இல்லீங்க. இந்த வண்டில அது கெடையாது" என்றார். கைப்பிடியிலிருந்து சின்னப் பண்ணையின் கை விலகும் வரை காத்திருந்து, கதவைத் திறந்து உட்கார்ந்தார். "நெழல்ல இருங்க. எதாவது சாப்பிடுங்க. என்னை விட்டுட்டு சார் திரும்பி வந்து ஒங்கள ஏத்திக்குவாரு."

இதைக் கேட்டு அதிர்ந்தது நான்தான். அன்று மட்டும் அந்தக் கரையை நான்கு முறை அளந்தேன்.

மூன்றாவது நடையில், தனியாகப் போன எனக்குத் தூண்களிடம் ஆடு மேய்த்த பையன் ஒருவன் வழி காட்டினான். நான்காவது நடையில் சின்னப் பண்ணை என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். கல் தூண்கள் வந்தன. யாராவது இறங்கி வழி காட்ட வேண்டும் என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு இறங்கினார். எங்கே நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை. தூணை மறைத்துக்கொண்டு நின்று "வாங்க, வாங்க" என்று கையை ஆட்டினார். இடது பக்கம் ஒரு கோடு விழுந்தது.

ஏறி உட்கார்ந்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எங்கப்பா வண்டிக்கு ஞானமுத்துதான் எறங்கி வழி காட்டுவாரு" என்றார். "ஒரு தடவகூட எங்கயும் ஒரசுனது கெடையாது." 

நாங்கள் ஊருக்குள் நுழையும்போது மறியல் முடிந்து ஜனம் திரும்பிக்கொண்டிருந்தது. கூரை மடக்கியிருந்த வண்டியில் சின்னப் பண்ணை உட்கார்ந்திருப்பதை நாற்பது பேராவது பார்த்திருப்பார்கள். அவர் எழுந்திருக்க முடியாமல் திணறியபோது இரண்டு பேர் கை கொடுத்துத் தூக்கிவிட்டார்கள்.

வீட்டில் ஜெயசீலி கன்றை உயிரோடு எடுத்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். "அவர எதுக்குப்பா ஏத்தச் சொன்னீங்க?" என்று அப்பாவைக் கேட்டார்.

"அவருக்குச் சுகரும்மா. மயங்கி விழுந்தா?" என்றார் ஞானமுத்து. மோர் டம்ளரை என்னிடம் கொடுத்துவிட்டுச் சொன்னார். "அப்புறம், ஊரு பாக்க அவரும் இதுல வந்து எறங்கியாச்சு. இனிமே இந்த வண்டியக் காட்டி எந்த வக்கீலு பேசுவான்? பேசுனா, ஒங்க கட்சிக்காரரும் இதுல சவாரி வந்தவருதானேன்னு நாம கேக்க மாட்டோமா?"

எனக்கு மோர் புரையேறியது. கடைசி இரண்டு நடையும் அவர் வழக்குக்குத்தான் என்று தெரியாமலே ஓட்டியிருக்கிறேன்.

ஜெயசீலி என் எதிரே வந்து உட்கார்ந்தார். "இப்ப சொல்லுங்க சார். வாங்கலாமா?"

நான் நோட்டை எடுத்தேன். பொய் சொல்ல மனம் வரவில்லை, குறைப் பக்கத்தை ஒன்றொன்றாகப் படித்தேன். வேகத்தடை எல்லாம் இடிக்கும். மழையில் கூரை ஒழுகும். உதிரி பாகம் சென்னையில்தான் கிடைக்கும். கேன் ஏறினால் ஆள் ஏற முடியாது. என்னைப் போன்றவர்கள் எழுந்து வர முடியாது. சாதாரணக் குடும்பம் வாங்கினால் வருத்தப்படும். கடைசியாக, முதலில் எழுதியிருந்த வரியைப் படித்தேன். பின் சீட் இல்லை.

"அது கொறை இல்ல சார்" என்றார் ஞானமுத்து. "அத அடிங்க."

பேனாவை எடுத்து அடித்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். எதிர்ப்பக்கத்தில், தையல் போடலாம் என்ற வரிக்குக் கீழே, அதையே திரும்ப எழுதினேன். பின் சீட் இல்லை. ஜெயசீலி எழுந்து உள்ளே போய்விட்டார். முகம் கழுவுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

செவ்வாய்க்கிழமை காலையில் அப்பாவும் மகளும் திருச்சிக்குக் கிளம்பினார்கள். போகும்போது பஸ். நான் அவர்களை ஸ்டாப் வரைக்கும் கொண்டுவிட முடியாது, இருவரில் ஒருவருக்குத்தான் இடம். ஆகவே வண்டியை வாசலிலேயே நிறுத்தி, சீட்டில் உட்கார்ந்தபடியே விடைபெற்றேன். ஜெயசீலி தையலை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு முன்னால் நடந்தார்.

நாலடி போன ஞானமுத்து திரும்பி வந்தார். கதவைத் திறந்து, செருப்போடு ஏறி, என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்த பெல்ட்ட எப்படிப் போடறதுன்னு இன்னொரு தடவ காட்டுங்க சார்" என்றார். "சாயந்தரம் நானே போட்டுக்கணும்."